ஊவாவின் உயர்கல்வியும் தோட்ட மக்களின் பொது விவகாரமும்

பல்கலைக்கழகம் ஒன்றின் தரத்தை அதன் கட்டடங்களைக் கொண்டு அளப்போர் உளர். அது வெளியேற்றும் பட்டதாரிகளின் தொகையைக் கொண்டு அளப்போரும் உளர். அது எந்த மண்ணில் நிற்கின்றதோ அந்த மண்ணில் உழைப்போரைப் பற்றி அதற்கு என்ன தெரியும் என்று வினவுவோர் மிகச் சிலரே. பதுளையைப் பொறுத்தவரையில் இவ்வினாவைத் தட்டிக்கழித்தல் இயலாது. நகரிலிருந்து பசறை செல்லும் வீதியிலே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. அதற்கப்பால் நமுனுகுலை, மடுல்சீமை, லுணுகலை என்று தேயிலை மலைகள் விரிகின்றன. மறுபுறத்தில் ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை, ஹப்புத்தளை. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்ட மக்களுள் ஏறத்தாழ 18 வீதத்தினர், அரச புள்ளிவிபரங்களில் 'இந்தியத் தமிழர்' எனப் பெயர்பெற்ற மலையகத் தமிழர். விரிவுரை மண்டபத்தின் யன்னலைத் திறந்தால் லயம் தெரியும் தூரத்தில் உயர்கல்வி நடைபெறுகின்றது. ஆயின் அந்த லயம் அங்கு எந்தத் துறையின் பாடம்?

2005 ஆம் ஆண்டில் நாட்டின் பதினான்காவது தேசியப் பல்கலைக்கழகமாக அது நிறுவப்பட்டபோது மூன்று பீடங்கள் வகுக்கப்பட்டன: விஞ்ஞானமும் தொழில்நுட்பமும், விலங்கு விஞ்ஞானமும் ஏற்றுமதி விவசாயமும், முகாமைத்துவம். 'பெறுமதி சேர்த்தல்' என்பதே அதன் இலட்சிய வாசகமாயிற்று. தேயிலைத் தொழில்நுட்பத்திற்கும் பெறுமதி சேர்த்தலுக்குமென ஒரு பட்டப்படிப்பே ஏற்படுத்தப்பட்டது. தென்னை, இறப்பர் ஆகியவற்றுக்கும் படிப்புகள் உண்டு. கனிய வளங்களுக்கு உண்டு. நீர்வாழ் வளங்களுக்கு உண்டு. உல்லாசப் பயணத்துறைக்கும் உண்டு. பின்னர் தொழில்நுட்பக் கற்கைகளுக்கென ஒரு பீடமும் சேர்ந்தது. இவற்றுள் ஒன்றையேனும் வேண்டாததென்று ஒதுக்கிவிட முடியாது. ஊவாவின் தேயிலை, யூலை தொடக்கம் செப்ரெம்பர் வரை வீசும் வரண்ட காற்றினால் உலகச் சந்தையிலே தனிமணம் பெற்றது. அம்மணத்தின் இரசாயனத்தை அறிந்த பட்டதாரிகள் பதுளையிலே உருவாவது நியாயமே. குறை கற்பிக்கப்படுவதில் இல்லை. கற்பிக்கப்படாததிலேயே உள்ளது. பொது விவகாரங்களுக்கென, அதாவது குடியுரிமை, உள்ளூராட்சி, கூலி, காணி, வீடு, சுகாதாரம், அனர்த்தம் ஆகியவற்றை ஆராய்ந்து கற்பிப்பதற்கென ஒரு பீடம் அங்கு எழவில்லை. முகாமைத்துவ பீடத்திலே நிர்வாகமும் மனிதவளமும் கற்பிக்கப்படுகின்றனவே என்று சிலர் கூறக்கூடும். நிறுவனம் ஒன்றை இலாபகரமாக நடத்தும் கலையும், அந்நிறுவனத்தின் எல்லைக்குள் வாழும் மக்கள் அரசிடம் எதைக் கேட்க உரித்துடையர் என்னும் அறிவும் ஒன்றல்ல. முன்னது துரைக்குத் தேவையானது.

'பெறுமதி சேர்த்தல்' என்னும் சொல்லையே சற்று நோக்கலாம். பெறுமதியைச் சேர்ப்பது உழைப்பே என்பது மார்க்ஸ் மட்டும் கூறிய செய்தியன்று; அவருக்கு முன்னரே அடம் சிமித்தும் ரிக்காடோவும் அவ்வழியில் சிந்தித்தவர்களே. பொதிசெய்வதாலும் நறுமணமூட்டுவதாலும் தேயிலையிற் சேரும் பெறுமதி பாடத்திட்டத்தில் இடம்பெறுகின்றது. விடியற்காலையிற் பிரட்டுக்களத்திற்கு வந்து, கூடையைத் தலையில் மாட்டி, அட்டைக் கடியிலும் மழையிலும் நின்று கொழுந்தெடுக்கும் பெண் சேர்க்கும் பெறுமதி எந்தப் பாடத்திட்டத்தில் இடம்பெறும்? அவளுடைய உழைப்பின் அளவைக் குறிக்கத் தோட்டத்திலே ஒரு சொல் உண்டு: 'பேர்'. நிர்ணயித்த இறாத்தல் அல்லது கிலோ நிறைந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். 2021 ஆம் ஆண்டில் நாட்சம்பளம் 1,000 ரூபா என வர்த்தமானியில் வெளியிடப்பட்டது. 2024 இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாயிற்று. தலைநகரின் பத்திரிகைகள் இத்தொகைகளைக் கொட்டை எழுத்தில் அச்சிட்டன. வர்த்தமானியில் எழுதிய தொகை, மாத முடிவிற் கைக்கு வரும் தொகையாவது எத்தனை முழுப்பேர், எத்தனை அரைப்பேர், எத்தனை நாள் வேலை, நிறுவையில் எவ்வளவு கழிவு என்பவற்றைப் பொறுத்தது. இக்கணக்கைத் தோட்டப் பெண்கள் நன்கறிவர். பொருளியல் நூல்களில் 'பேர்' என்னும் சொல் அருகியே காணப்படுகின்றது.

இந்நாட்டில் ஆராய்ச்சி என்பது தோட்டத்திற்கு அந்நியமானதன்று. மிகப் பழைய உறவு அது. 1925 ஆம் ஆண்டிலேயே தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தோன்றிவிட்டது. தலவாக்கலையிலே தலைமையகம், பசறையிலே ஊவாவுக்கான நிலையம். 1946 இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைத் தாக்கியது. உடனே விஞ்ஞானிகள் இயங்கினர், மருந்து தெளிக்கும் முறைகள் வகுக்கப்பட்டன, செடி பிழைத்தது. இரண்டே ஆண்டுகளின் பின்னர், 1948 இல், அச்செடியைப் பேணிய மக்களின் குடியுரிமையைப் பறிக்கும் சட்டம் வந்தது. 1949 இல் தேர்தற் சட்டத் திருத்தத்தினால் வாக்குரிமையும் போயிற்று. அந்நோய்க்கு மருந்து தேட எந்த நிறுவனமும் எழவில்லை. தேயிலைச் செடிக்கு வமிசாவளி உண்டு, டி.ஆர்.ஐ. 2025 என்று இலக்கமிட்டு, எத்தாய்ச் செடியிலிருந்து வந்ததென்று ஏட்டிற் பதிந்து வைப்பர். 1948 ஆம் ஆண்டுச் சட்டமோ அச்செடிக்கு உரமிட்டவனிடம் அவன் தந்தை இலங்கையிற் பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்ததற்குச் சான்று கேட்டது. செடியின் வமிசத்தைப் பதிந்தவர்கள் மனிதனின் பிறப்பைப் பதியாதுவிட்ட ஒரு நிருவாக முறையின் கீழ் அச்சான்றை எங்ஙனம் காட்டுவது? 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்களாக்கி, 5,25,000 பேர் அங்கு, 3,00,000 பேர் இங்கு, எஞ்சியோர் பின்னர் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் இரு கூறாக்கப்பட்டனர். 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரையில் இவ்வழக்கு இழுபட்டது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! ஒரு தேயிலை நோய்க்கு மருந்து காண ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றிருப்பின் இலங்கையிலே தேயிலை என்ற பெயரே எஞ்சியிராது.

அமெரிக்காவின் சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்திலே மக்ஸ்வெல் பள்ளி எனப்படும் ஒரு கூடம் 1924 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதன் முழுப்பெயர் குடியுரிமைக்கும் பொது விவகாரங்களுக்குமான பள்ளி என்பது. அதே 1924 ஆம் ஆண்டிலேதான் பதுளைக்குப் புகையிரதப் பாதை வந்து முடிந்தது. ஒரு நாடு குடிமகனை உருவாக்குதற்கு ஒரு பள்ளியைத் திறந்த ஆண்டில், மற்றொரு நாட்டில் தேயிலைப் பெட்டியைத் துறைமுகத்திற் சேர்ப்பதற்கு மலையைக் குடைந்து வழி சமைக்கப்பட்டது. அமெரிக்கப் பள்ளிகளைப் போற்றுதல் இங்கு நோக்கமன்று. அந்நாட்டின் பொது விவகாரப் பள்ளிகள் பல அதன் ஆதிக்கக் கொள்கைகளுக்கு உத்தியோகத்தர்களைப் பயிற்றிய கூடங்களுமாகும். ஆயினும் குடியுரிமையும் பொது விவகாரமும் ஒரே பெயர்ப்பலகையில் எழுதப்பட வேண்டியவை என்பதை அப்பெயர் உணர்த்துகின்றது. அப்பெயர்ப்பலகை மிகுதியும் வேண்டப்படுவது குடியுரிமை பறிக்கப்பட்ட மக்கள் வாழும் இடத்திலன்றோ?

இங்கு கற்பனையாக எதையும் கூறவேண்டியதில்லை. மீரியபெத்தையைக் கூறினாற் போதும்.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அண்மையில், மீரியபெத்த தோட்டப் பிரிவின் லயங்கள் மீது மலை சரிந்தது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் தப்பினர். திரும்பி வந்தபோது அவர்களுட் சிலருக்கு வீடுமில்லை, பெற்றோருமில்லை. இது இயற்கையின் கொடுமை என்று அன்று பலர் எழுதினர். இயற்கையின் மீது பழியைச் சுமத்துவது எளிது. அது மறுப்பறிக்கை விடுவதில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அவ்விடம் அபாயகரமானதென்று 2005 ஆம் ஆண்டிலும் 2011 ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. ஆகவே அறிவு இல்லாமற் போகவில்லை. நில அமைப்பை ஆராய்ந்தோர் தம் கடமையைச் செய்தனர். அவ்வறிவை ஒரு பொது முடிவாக மாற்றும் பணியையே எவரும் செய்யவில்லை. மக்களை வேறிடத்திற் குடியேற்றும் கடமை யாருடையது? நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, லயம் வெள்ளையன் காலத்தது, குடியிருப்போனுக்கோ காணியுறுதி இல்லை. அவன் வெளியேறுவதாயின் எங்கே செல்வது, எந்தக் காணியில், எவர் செலவில், நாளை வேலைக்கு எவ்வழியே வருவது? இவற்றுக்கு விடையில்லாமல் 'வெளியேறுக' என்று கூறுவது எச்சரிக்கையாகாது. பிற்காலத்திற் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதற்கு எழுதிவைத்த குறிப்பாகவே அது முடிகின்றது.

இறந்தோர் எத்தனை பேர் என்பதும் தெளிவாகவில்லை. முதல் நாட்களிலே நூற்றுக்கணக்கானோர் என்றனர். பின்னர் நூற்றுக்குக் குறைவு என்றனர். அதன் பின் இன்னும் சிறிய எண்களைக் கூறினர். ஒரு மலையடிவாரத்தில் எத்தனை மனிதர் வாழ்ந்தனர் என்பதை அவர்கள் புதையுண்ட பின்னரும் உறுதியாகக் கூறமுடியாத நாட்டில், அம்மலையிலிருந்து அவ்வாண்டு எத்தனை கிலோ கொழுந்து இறங்கியது என்பதைத் தோட்டக் காரியாலயத்தின் ஏடு ஐயத்திற்கிடமின்றிக் கூறியிருக்கும். உயிர் தப்பியோர் ஏறத்தாழ ஈராண்டுகள் தற்காலிக இடங்களில் வாழ்ந்தனர். 2016 இல் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. பூனாகலை கபரகலையிலே 2023 மார்ச் மாதத்தில் மீண்டும் மண் சரிந்து லயங்கள் சேதமுற்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டம் பேரிழப்புக்குள்ளாயிற்று. மீரியபெத்தையில் இடம்பெற்றது விதிவிலக்கான விபத்தென்று இனியும் எவரும் சாதிக்க முடியாது.

மண்சரிவை ஆராயப் புவியியலாளர் இருக்கின்றனர், பொறியியலாளர் இருக்கின்றனர். எச்சரிக்கைக்கும் மண்சரிவுக்கும் இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளை ஆராய்வது யார்? எந்தக் கடிதம் எந்த மேசையிலே தங்கியது, எந்தக் கூட்டத்தில் எந்த விடயம் ஒத்திவைக்கப்பட்டது, எந்த உத்தியோகத்தர் எந்த மொழியில் மக்களோடு பேசினார் என்பவற்றைத் தேடித் தொகுத்து ஆண்டுதோறும் மாணவருக்குக் கற்பிப்பது யார்? பொது விவகாரக் கல்வி என்பது இதுவே. மேடைப்பேச்சும் அரசியற் கோட்பாடும் அதன் பின்னரே வரவேண்டியவை.

உள்ளூராட்சியை எடுத்துக்கொண்டாலும் நிலைமை வேறன்று. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுதற்குத் தடையாக நின்றது. தோட்டத் தொழிலாளி பிரதேச சபைத் தேர்தலில் வாக்களிக்கலாம். சபைக்குத் தெரிவாகவும் செய்யலாம். ஆயின் தான் தெரிவாகிய சபையின் பணத்தில் தன் லயத்துக்கு ஒரு பாதை போடுவதாயின் சட்டம் குறுக்கே நிற்கும். இவ்விசித்திரம் 2018 ஆம் ஆண்டுத் திருத்தம் வரை 31 ஆண்டுகள் நீடித்தது. இத்தனை ஆண்டுகளில் எத்தனை அரசறிவியல் மாணவர் 'பிரதிநிதித்துவ சனநாயகம்' பற்றி விடையெழுதிச் சித்தியடைந்திருப்பர்! திருத்தம் வந்தது மலையகப் பிரதிநிதிகளும் சிவில் அமைப்புகளும் விடாது வற்புறுத்தியமையால். திருத்தத்தின் பின்னர் ஊவாவின் சபைகள் தோட்டங்களுக்கு எவ்வளவு செலவிட்டன, கம்பனிகளின் இசைவு எங்கெங்கே வேண்டப்பட்டது, எங்கே மறுக்கப்பட்டது என்பன ஒரு மாவட்டப் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டிய செய்திகள். கடிதங்களின் கதையும் இத்தகையதே. லயத்துக்கு வீட்டிலக்கமில்லை, தபால் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து அங்கிருந்து பிரிந்து சென்றது நெடுங்கால வழக்கம். பல்கலைக்கழக அனுமதிக் கடிதமும் நேர்முகத் தேர்வுக் கடிதமும் அவ்வழியே வந்து தாமதித்த அனுபவத்தை மலையக மாணவர் பலர் அறிவர். முகவரி என்பது எத்துணைப் பெரிய பொது விவகாரம் என்பது அதை உடையோருக்குத் தோன்றாது.

இம்மக்களுக்குப் பொது விவகாரத்தைப் புதிதாகக் கற்பிக்க வேண்டும் என்று பொருள் கொள்ளுதல் தவறு. பதுளைத் தோட்டங்கள் அப்பாடத்தை ஒருமுறை தாமே எழுதிக் காட்டின. 1940 ஆம் ஆண்டு மே மாதம், பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். தம்முள் வாக்களித்து ஒரு தொழிலாளர் சபையைத் தெரிவு செய்தனர். அச்சபையைக் கலந்தாலோசித்தே நடப்பதற்குத் தோட்டத்துரை இணங்கினார். ஒழுங்கை நிலைநாட்டவென்று வந்த பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தனர். பதுளைக் கூட்டத்திலே பேசலாகாதென்று விதித்த தடையை மீறிக் கலாநிதி என். எம். பெரேரா பேசினார். பின்னர் பொலிசாரின் கொடுமை கட்டவிழ்ந்தது, வெள்ளம் ஊவாவை ஒரு வாரத்துக்கு மேலாக ஏனைய பகுதிகளிலிருந்து துண்டித்தது, போராட்டம் அடங்கியது, யூன் மாதத்தில் சமசமாசத் தலைவர்கள் சிறைப்பட்டனர். லயத்து மனிதர், எழுதப்படிக்கத் தெரியாதோர் பலர், வாக்கெடுப்பு நடத்தித் தம் சபையை அமைத்து நிருவாகத்தோடு உடன்பாடு கண்டனர். அன்று அங்கு சுயாட்சி பற்றிய பாடநூல் இருக்கவில்லை. இன்று பாடநூல்கள் உண்டு. வெவெஸ்ஸ அவற்றுள் எத்தனையில் உண்டு? பதுளையில் உயர்கல்வி கற்கும் இளைஞன் ஒருவன், சிங்களவனாயினும் தமிழனாயினும், தான் பேருந்திற் கடந்துசெல்லும் மலையில் இது நிகழ்ந்ததென்று அறியாமலே பட்டம் பெற்றுச் செல்லலாம்.

ஆய்வுகள் இல்லையா எனின், உண்டு. அவை எங்கிருந்து வந்தன என்பதே கேள்வி. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் சார்பிற் சர்க்காரும் தம்பையாவும் பாத்த தும்பறைக் கிராமங்களை ஆராய்ந்து 1957 இல் வெளியிட்ட நூல், கண்டிச் சிங்கள விவசாயியின் நிலமின்மையை இலக்கங்களோடு நிறுவிய அரிய முயற்சி. அத்தகைய உழைப்பு லயத்தை எட்டுதற்கு நெடுங்காலஞ் சென்றது. எட்டியபோதும் பெரும்பாலும் வெளியிலிருந்தே எட்டியது. மூன்று தேயிலைத் தோட்டங்களின் சாதியமைப்பை ஆராய்ந்த ஜெயராமனின் நூல் 1975 இல் பம்பாயில் வெளியாயிற்று. தோட்டப் பெண்களைப் பற்றி ரேச்சல் குரியன் எழுதியது 1982 இல் சர்வதேசத் தொழில் தாபனத்தின் வெளியீடாக வந்தது. வலன்டைன் டானியலின் 1996 ஆம் ஆண்டு நூலும், மைத்ரி ஜெகதீசனின் 2019 ஆம் ஆண்டு நூலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பதிப்புகள். இவை மதிக்கத்தக்க உழைப்புகள் என்பதில் ஐயமில்லை. ஆயின் எல்லாம் ஆங்கிலம். எவருடைய வாழ்வு எழுதப்பட்டதோ அவர் வாசிக்கவியலாத மொழியில், வாங்கவியலாத விலையில் அவ்வாழ்வு உள்ளது. தமிழில் மலையக வரலாற்றைத் தேடித் தொகுத்தவர்களோ பெரும்பாலும் பல்கலைக்கழகத்திற்கு வெளியே நின்றவர்கள். கோ. நடேசய்யரின் வரலாற்றை மீட்டெடுத்த சாரல்நாடன் பேராசிரியப் பதவி வகித்தவரல்லர். 'கொழுந்து' சஞ்சிகையை நடத்திய அந்தனி ஜீவாவும் அவ்வாறே. பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டியதைத் தம் கைப்பணத்தில் தனிமனிதர் செய்தனர்.

மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த மாணவரும் இக்குற்றச்சாட்டிலிருந்து தப்ப முடியாது. ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பு வேண்டுமென்றால் தோட்டம் நினைவுக்கு வருகின்றது. வினாக்கொத்தோடு ஒரு வாரவிறுதியில் லயத்துக்குச் செல்வர்; உழைத்துக் களைத்த பெண்ணிடம் மாத வருமானம், கல்வித் தரம், மலசலகூட வசதி என்று நாற்பது வினாக்களுக்கு விடை பெறுவர்; நூற்றுவீதமாக்கி அட்டவணையிட்டுச் சமர்ப்பிப்பர்; சிறப்புச் சித்தி பெறுவர். அட்டவணை என்ன கூறிற்று என்று அப்பெண்ணுக்குத் திரும்பிச் சென்று சொன்னவர் எத்துணைப் பேர்? அவள் அடுத்த ஆண்டும் மற்றொரு வினாக்கொத்துக்கு விடையளிப்பாள். கொழுந்தைப் போல் விடையும் அவளிடமிருந்து பறித்து வெளியே கொண்டுசெல்லப்படும் ஒரு பொருளாகிவிட்டது. தமிழ்ச் சங்கங்களும் இதைப்பற்றிச் சற்று எண்ணுதல் தகும். கற்பிற் சிறந்தவள் கண்ணகியா மாதவியா என்று ஆண்டுதோறும் பட்டிமன்றம் நடத்தும் அவைகள், 33 ஆம் பிரிவு பற்றி ஒரு மாலைப் பொழுதேனும் வாதிட்டிருக்கலாம்.

பல்கலைக்கழகம் அரசியலிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்பது இக்கோரிக்கைக்கு எதிராக வழக்கமாக எழும் முதற் கூற்று. இதைக் கூறுவோர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றை மறந்தவர்கள். 1942 இல் அதன் முதலாவது துணைவேந்தராகிய ஐவர் ஜெனிங்ஸ் அரசியலமைப்பு அறிஞர், டி. எஸ். சேனாநாயக்கவின் ஆலோசகராயிருந்து சுதந்திர இலங்கையின் அரசியலமைப்பை உருவாக்குவதிற் பங்குகொண்டவர். பொது விவகாரம் இலங்கையின் உயர்கல்வியோடு பிறப்பிலேயே உடன்வந்தது. அது எவர் பக்கம் அமர்ந்து ஆலோசனை கூறியது என்பதிலேயே வேறுபாடு. அவ்வரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குக் காப்பு எனப்பட்டது. அக்காப்பைக் கொண்டு மலையக மக்கள் பிரிவி கவுன்சில் வரை சென்றனர். 1953 இல் கோடக்கன்பிள்ளை வழக்கிலே தோற்றனர். ஆளுவோனின் மேசையில் அமர்ந்தால் அது புலமை, தொழிலாளியின் லயத்தில் அமர்ந்தால் அது அரசியல் என்பது என்ன நியாயம்?

மற்றொரு கூற்று வேலைவாய்ப்பைப் பற்றியது. கலைப் பட்டதாரிகள் வேலையின்றி வீதியில் நிற்கையில் இன்னொரு பீடம் எதற்கு என்பர். இது புறக்கணிக்கத்தக்க கேள்வியன்று; தன் பிள்ளையைப் பட்டதாரியாக்கக் கடன்பட்ட தோட்டத் தாய் முதலிற் கேட்கும் கேள்வியும் இதுவே. ஆயின் தமிழ் அரசகரும மொழியாகிப் பல்லாண்டுகள் சென்றுவிட்டன. பதுளை மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் பலவும் இருமொழி நிருவாகப் பிரிவுகளென வர்த்தமானியிற் பிரகடனஞ் செய்யப்பட்டுள்ளன. அப்பிரகடனத்தின்படி தமிழிலே முறைப்பாட்டை ஏற்று, தமிழிலே விடையெழுதி, சிங்களத்திலே கோவையை நகர்த்தவல்ல உத்தியோகத்தர் எங்கே உருவாகின்றனர்? கிராம உத்தியோகத்தர், சமூக சேவை, தொழிற் திணைக்களம், அனர்த்த முகாமைத்துவம், காணிப் பதிவு, பிரதேச சபை என ஒவ்வோர் அலுவலகத்திலும் இருமொழியும் தோட்டத்து நிலைமையும் அறிந்த ஒருவருக்கு இடமுண்டு. பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையாகப் பதியப்பட்டதால் ஓய்வூதியமும் ஊழியர் சேமலாப நிதியும் பெறமுடியாது அலையும் முதியவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் உளர். கருப்பாயியைக் கறுப்பாயி என்றெழுதிய எழுதுவினைஞனின் பேனா முப்பதாண்டுகளின் பின்னர் ஒரு கிழவியின் சேமிப்பை மறிக்கின்றது. இதைத் திருத்தும் அறிவு சந்தைக்கு வேண்டாததாயிருக்கலாம், அக்கிழவிக்கு வேண்டும்.

இன்னொரு பேச்சும் அடிக்கடி எழுகின்றது. மலையகத்துக்குத் தனிப் பல்கலைக்கழகம் கிடைக்கும்வரை காத்திருப்போம் என்பது அது. தனிப் பல்கலைக்கழகக் கோரிக்கை நியாயமானது. அதைத் தளர்த்த வேண்டியதில்லை. ஆயின் பதுளையில் ஏற்கெனவே நிற்கும் ஒரு தேசியப் பல்கலைக்கழகத்தின் மீது ஊவாவின் தோட்ட மக்களுக்கு உரிமையில்லை என்று அவர்களே ஒப்புக்கொள்வது போன்றதோர் தொனி இக்காத்திருப்பிலே கேட்கின்றது. அவர்தம் உழைப்பின் ஏற்றுமதி வருவாயால் எழுந்த அரசு, அவ்வரசின் பணத்தால் எழுந்தது அப்பல்கலைக்கழகம். அதன் பெயரிலுள்ள வெல்லஸ்ஸ, 1818 இல் வெள்ளையனுக்கு எதிராக எழுந்து அழிவுண்ட சிங்கள விவசாயியின் மண். 1840 ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டம் கிராமத்தானின் சேனையையும் புல்வெளியையும் பறித்தது. பறித்த மலையில் உழைக்கத் தமிழகத்திலிருந்து ஏழைகள் கொண்டுவரப்பட்டனர். பறிகொடுத்தவனையும் பறித்த மண்ணிற் குடியேற்றப்பட்டவனையும் ஒருவரோடொருவர் பகைக்கச் செய்தே பின்வந்த ஆட்சிகள் பல வாழ்ந்தன. ஊவாவின் பொது விவகாரத்தைக் கற்பிக்கும் பீடம் லயத்தை மட்டும் கற்பித்தல் போதாது. லயத்துக்கு மேலே மலையோரத்தில் காணித்துண்டுக்காகக் காத்திருக்கும் சிங்களக் கிராமத்தையும் அதே வகுப்பறையிற் கற்பித்தல் வேண்டும். இரு மொழியிலும் அது நடைபெறுதல் வேண்டும். ஆங்கிலம் வேண்டாமென்பதல்ல, ஆங்கிலத்தில் மட்டும் நடைபெறும் பொது விவகாரம் பொதுவாகாது.

பீடங்கள் தம் செய்தி, ஆய்வு, நிகழ்வு என்று ஆண்டறிக்கை வெளியிடுவது உலக வழக்கம். புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஆய்வரங்கு மங்கள விளக்கேற்றலுடன் ஆரம்பமாயிற்று. பிரதம அதிதிக்கு நினைவுச் சின்னம் வழங்கப்பட்டது. ஊவாவில் அமையும் பொது விவகாரப் பீடத்தின் அறிக்கையும் இவ்வாறே அமையுமாயின் அது அமையாதிருப்பதே நன்று. அதன் செய்திகள் வேறாக இருத்தல் கூடும். மாவட்டத்தில் அபாயவலயமென்று அறிவிக்கப்பட்ட தோட்டப் பிரிவுகள் எவை, எச்சரிக்கை வந்த திகதி எது, குடியேற்றப்பட்டோர் எத்தனை குடும்பம், எஞ்சியோர் எத்தனை குடும்பம் என்பது ஒரு செய்தி. ஒவ்வோராண்டும் மழைக்கு முன்னர் வெளிவர வேண்டிய செய்தி. 2018 இல் நிறுவப்பட்ட புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையும் இந்திய உதவித் திட்டமும் ஊவாவிலே கட்டிய வீடுகளுள் எத்தனைக்கு உறுதிப்பத்திரம் கிடைத்தது என்பது ஓர் ஆய்வு. பசறையிலோ மடுல்சீமையிலோ ஒரு தோட்டத்துப் பிரட்டுக்களத்தில், சம்பளத் துண்டை வரிவரியாக வாசித்து விளக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு நிகழ்வு. ஆய்வைச் செய்த மாணவன், அது சமர்ப்பிக்கப்படுமுன்னர் அதே லயத்து முற்றத்தில் நின்று தமிழில் அதை வாசித்துக் காட்டி, அங்கு கேட்கப்படும் வினாக்களையும் தன் விடைகளையும் பின்னிணைப்பாகச் சேர்த்தல் வேண்டும் என்பது அப்பீடத்தின் பரீட்சை விதிகளுள் ஒன்றாகலாம். அங்கு எழும் வினாக்கள் எந்த வெளிவாரிப் பரீட்சகரின் வினாக்களிலும் கடுமையாக இருக்கும்: 'எங்கட பேரைக் கேட்டு எழுதிக்கிட்டுப் போனீங்களே, தம்பி, அதுக்கப்புறம் என்னா ஆச்சு?'